ஐந்து கோப்பைக்கும் ஒரு கோப்பைக்கும் நடுவே

டிம் டங்கன் 1976 ஏப்ரல் 25 அன்று பிறந்தார். கெவின் கார்னெட் பிறந்தது அதே ஆண்டு மே 19. இருவரும் 6 அடி 11 அங்குல உயரம். இருவரும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வில் பவர் ஃபார்வர்டு, அதாவது பயிற்சியாளர்கள் 'நாலாம் நம்பர்' என்று சொல்லும் இடத்தில் ஆடியவர்கள். இருவரும் அதிக காலம் அணிந்த சட்டை எண் 21. 2016இல் இரண்டரை மாதத்துக்குள் அடுத்தடுத்து ஓய்வை அறிவித்தார்கள்; புகழ்மண்டபத்துக்கும் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில், கோபி பிரையன்ட்டோடு சேர்ந்தே தேர்வானார்கள். ஜோசியக்காரர்கள் இந்த இரண்டு ஜாதகத்தையும் இன்னும் விட்டுவைத்திருப்பதுதான் ஆச்சரியம்.

களத்தில் சேர்த்த கணக்கும் ஒட்டியே போகிறது. பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுகள் நீங்கலான வழக்கமான சீசன் ஆட்டங்களில் டங்கன் எடுத்த புள்ளிகள் 26,496, கார்னெட் 26,071. பலகையிலோ வளையத்திலோ பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டில் டங்கனுக்கு 15,091, கார்னெட்டுக்கு 14,662. புள்ளியில் 425 வித்தியாசம், ரீபவுண்டில் 429. கார்னெட் 70 ஆட்டங்கள் கூடுதலாக ஆடியவர் என்பதால் சராசரி பார்த்தால் டங்கன் கை சற்று ஓங்கும். மற்ற மூன்று கணக்குகளில்தான் இருவரும் பிரிகிறார்கள். கூட்டாளிக்குப் பந்து கொடுத்துப் புள்ளி எடுக்கவைக்கிற அசிஸ்டில் கார்னெட் 5,445, டங்கன் 4,225. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறித்ததில் கார்னெட் 1,859, டங்கன் 1,025. வளையத்தை நோக்கி வரும் பந்தைத் தட்டிவிடுகிற பிளாக்கில் டங்கன் 3,020, கார்னெட் 2,037. டங்கன் வளையத்தடியில் நின்று காத்தவர். கார்னெட் மைதானத்தின் குறுக்கும் நெடுக்கும் ஓடி, ஐந்து பேர் வேலையிலும் கை வைத்தவர்.

இதற்கப்பால் ஒரு கணக்கு இருக்கிறது. ரசிகர்கள் பேச்சை அங்கேதான் முடிப்பார்கள். டங்கனுக்கு 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து சாம்பியன் பட்டங்கள். கார்னெட்டுக்கு 2008இல் ஒன்றே ஒன்று. 'அஞ்சு பெரிசா, ஒண்ணு பெரிசா?' என்று கேட்டுவிட்டால் எதிராளிக்கு வாயடைத்துப்போகும். இந்தக் கேள்வி சரியான கேள்வியே இல்லை என்பது என் கட்சி. அதற்கு ஆதாரம் தேட அமெரிக்கா போகவேண்டியதில்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் மண்டகப்பட்டு. ஊருக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு சின்னக் குடைவரை. முகப்பில் பருத்த தூண்கள், இரு ஓரத்திலும் மாடத்துக்குள் கதை ஊன்றி நிற்கும் துவாரபாலகர்கள், உள்ளே இன்று வெறுமையாகக் கிடக்கும் மூன்று கருவறைகள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தமிழ்நாட்டுக் கலை வரலாற்றைத் தொட்டவர் எல்லாருக்கும் தெரிந்ததே. பிரமன், ஈசன், விஷ்ணு மூவருக்குமான இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் விசித்திரசித்தன், அதாவது மகேந்திரவர்மன், செய்வித்தான் என்று அது சொல்கிறது. கோயில் எவ்வளவு பெரிசு, எவ்வளவு அழகு என்று ஒரு சொல் கிடையாது. கையில் என்னென்ன இல்லை என்பதுதான் அரசன் போட்ட பட்டியல். மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் பார்த்துவிட்டு மண்டகப்பட்டுக்கு வருகிறவருக்கு இது எளிய வேலையாகத் தெரியலாம். கல்வெட்டைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல வாய் வராது.

இரண்டு ஆட்டக்காரர்களை ஒப்பிடுவதற்கும் இந்தப் பட்டியல் முறை பொருந்தும். யார் எத்தனை கோப்பை எடுத்தார் என்பதற்கு முன்னால், யார் கையில் எது இருந்தது, எது இல்லை என்று எழுதிப்பார்க்கவேண்டும்.

டங்கன் கரீபியக் கடலில், அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் குரோயில் வளர்ந்தவர். சிறுவயதில் அவர் நீச்சல்காரர். 1989இல் ஹ்யூகோ புயல் தீவின் நீச்சல்குளத்தை நாசமாக்கியது. அடுத்த ஆண்டு, அவருடைய பதினான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாயார் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். அதன் பிறகுதான் கூடைப்பந்து. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் முழுதாகப் படித்து, உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். படிப்பை முடிக்காமலேயே பணத்துக்குப் போயிருக்கலாம் என்று எல்லாரும் சொன்ன காலம் அது.

1997இல் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். இங்கே அதிர்ஷ்டத்தின் பங்கை மறைக்கக்கூடாது. என்.பி.ஏ.வில் தோற்ற அணிகளுக்குள் சீட்டுக் குலுக்கிப் புதிய வீரர்களைப் பங்கிடுவார்கள். ஸ்பர்ஸ் இயல்பில் மோசமான அணி இல்லை. டேவிட் ராபின்சன் என்ற மாபெரும் சென்டர் ஆட்டக்காரர் காயத்தால் அந்த சீசனில் ஆறே ஆட்டம் ஆடியதால் 82இல் 62 தோற்று, குலுக்கலுக்குள் வந்து விழுந்திருந்தது. டங்கனைப் பெறும் வாய்ப்பு அதிகம் இருந்தது பாஸ்டன் செல்டிக்ஸுக்கு. சீட்டு சான் அன்டோனியோ பக்கம் விழுந்தது. ராபின்சன் குணமாகித் திரும்பினார், பக்கத்தில் டங்கன் நின்றார், அடுத்த சீசனில் 56 வெற்றி. பயிற்சியாளர் கிரெக் போபோவிச் அங்கேயே இருந்தார், டங்கனின் பத்தொன்பது சீசனும் அவர் ஒருவரே. 57ஆவது இடத்தில், ஏறக்குறைய பட்டியலின் அடியில், எடுத்த மனு ஜினோபிலியும் 28ஆவதாக எடுத்த டோனி பார்க்கரும் பின்னால் புகழ்மண்டபம் போகிறவர்களாக விளைந்தார்கள். செங்கல், மரம், உலோகம், சுதை நான்கும் வாசலில் வந்து இறங்கிய வீடு இது.

கார்னெட் தென் கரோலினாக்காரர். பள்ளியின் கடைசி வருடத்தைச் சிகாகோவின் ஃபாரகட் அகாதெமியில் படித்து, கல்லூரி வாசலை மிதிக்காமல் 1995இல் நேரே என்.பி.ஏ.வுக்கு வந்தார். பள்ளியிலிருந்து அப்படி நேரே வருவது இருபது வருடங்களுக்குப் பிறகு அதுவே முதல்முறை. கோபி, லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் அந்த வழியில் பின்னால் வந்தவர்கள். ஐந்தாவதாக அவரை எடுத்த மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அதுவரை ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்த்திராத அணி. அவர் வந்த இரண்டாவது சீசனிலேயே பார்த்தது. அங்கிருந்து வரிசையாக ஏழு ஆண்டு முதல் சுற்றில் தோல்வி. அவற்றில் 1999, 2001 இரண்டிலும் தோற்கடித்தது டங்கனின் ஸ்பர்ஸ், இரண்டு தடவையும் 3-1.

அந்த ஏழு ஆண்டில் மின்னசோட்டா இழந்ததை வரிசைப்படுத்தினால் நாவல் எழுதலாம். கார்னெட்டோடு பத்து வருடம் சேர்ந்து ஆடுவார் என்று நம்பப்பட்ட ஸ்டெபான் மார்பரி 1999இல் விலகிப் போனார். டாம் குக்லியோட்டாவும் அதே ஆண்டு கிளம்பினார். சக வீரர் மாலிக் சீலி 2000 மே மாதம், கார்னெட்டின் பிறந்தநாள் விருந்திலிருந்து வீடு திரும்பும் வழியில், குடித்துவிட்டு எதிர்த்திசையில் ஓட்டி வந்தவன் மோதி இறந்தார். கார்னெட் 21ஆம் எண்ணைப் போட்டதே பிள்ளைப் பருவத்தில் சீலியின் ஆட்டத்தின் மீதிருந்த பிரியத்தால். அதே ஆண்டு, ஜோ ஸ்மித் என்ற வீரரோடு அணி நிர்வாகம் ரகசிய ஒப்பந்தம் போட்டது அம்பலமாகி, லீக் 35 லட்சம் டாலர் அபராதம் விதித்து, புதிய வீரர்களைப் பங்கிடும் எதிர்கால டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வுகளையும் பறித்தது. பின்னால் அதில் கொஞ்சம் தளர்த்தினார்கள். விதை நெல்லையே பிடுங்கிய மாதிரியான தண்டனை.

கார்னெட் தரப்பு வக்கீலாகவே பேசிக்கொண்டு போகமுடியாது. 1997இல், 21 வயதில், அவர் ஆறு ஆண்டுக்கு 12 கோடியே 60 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். உரிமையாளர் அந்த அணியையே வாங்கிய விலையைவிட அந்தத் தொகை பெரிது. உரிமையாளர்கள் மிரண்டுபோனதற்கு அந்த ஒப்பந்தம் முக்கியக் காரணம். 1998இல் அவர்கள் கதவைப் பூட்ட, சீசன் 50 ஆட்டமாகச் சுருங்கியது. தனி வீரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது அதற்குப் பிறகு. ஒருவருக்கே இவ்வளவு போனால் மற்றவருக்குக் கொடுக்க அணியிடம் என்ன மிஞ்சும்? டங்கனோ 2012இல், 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு கோடிக்குள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். மிச்சத்தில் அணி ஆட்களை வைத்துக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒழுக்கப் பாடம் நடத்துகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஒருவர் 21 வயதில் செய்தது, மற்றவர் 36 வயதில் நான்கு கோப்பையோடு செய்தது.

டங்கனிடம் வேறொன்றும் இருந்தது, அது சீட்டில் வந்ததில்லை. அணியின் பெரிய நட்சத்திரத்தைப் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் திட்டலாம் என்ற நிலை ஸ்பர்ஸில் இருந்தது. டங்கன் வாங்கிக்கொண்டார். அவரே வாங்கிக்கொள்ளும்போது பன்னிரண்டாவது ஆள் முறைத்துக்கொண்டு போகமுடியாது. அந்த அணியின் ஒழுங்கை போபோவிச்சின் சாதனையாக மட்டும் எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள். கார்னெட் இதற்கு எதிர்முனை. ஆட்டம் தொடங்குமுன் கூடைக் கம்பத்தின் அடிப்பஞ்சில் தலையை முட்டிக்கொண்டு நிற்பார், எதிரியின் காதருகே ஓயாமல் பேசுவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார். டங்கன் முகத்தில் கண்ணை அகல விரிப்பதைத் தவிர வேறு அசைவு தெரியாது. தொலைக்காட்சிக்கு யார் லாயக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

டங்கனின் ஆட்டத்தில் ஒரு சங்கதியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வளையத்துக்கு இடப்பக்கம், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, சாய்கோணத்தில் பந்தை வாங்குவார். ஒரு கால் முன்வைத்து எதிரியை அளப்பார். பிறகு நேரே வளையத்துக்கு எறியாமல், பலகையில் வரைந்திருக்கும் வெள்ளைச் சதுரத்தின் மேல்மூலையைக் குறிவைத்து எறிவார். பந்து பலகையில் தட்டி உள்ளே விழும். பள்ளி மைதானத்தில் முதல் வாரம் கற்றுக்கொடுத்து, பையன்கள் இரண்டாம் வாரம் கைவிடும் ஷாட். அது வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியும், பத்தொன்பது வருடம் தெரிந்தே இருந்தது.

ஒப்பீட்டின் கணக்குத் தீர்க்க இரண்டு சீசன் போதும், அடுத்தடுத்த சீசன்கள். 2003-04இல் மின்னசோட்டா முதல்முறையாக கார்னெட்டுக்கு உருப்படியான துணை தேடியது: சாம் கசெல், லட்ரெல் ஸ்பிரீவெல். விளைவு 58 வெற்றி, மேற்குப் பிரிவில் முதலிடம், கார்னெட்டுக்கு மிகமதிப்புமிக்க வீரர் விருது. ஆட்டத்துக்கு 24.2 புள்ளி, 13.9 ரீபவுண்ட், 5 அசிஸ்ட். அவருடைய 28ஆம் பிறந்தநாளன்று சாக்ரமென்டோவுக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 32 புள்ளி, 21 ரீபவுண்ட் எடுத்து மூன்றே புள்ளியில் அணியைக் கரைசேர்த்தார். பிரிவு இறுதியில் கசெல் காயம்பட்டு உட்கார, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸிடம் தோல்வி. பொருள் கிடைத்த வருடத்தில் அவர் எட்டிய உயரம் இது. 'துணை இருந்திருந்தால்' என்ற வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நானும் ஒரு காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய 2002-03 இந்த வாதத்தின் வேரிலேயே கை வைக்கிறது. டங்கனின் கோப்பைகளில் அது தனி ரகம். ராபின்சனுக்கு 37 வயது, கடைசி சீசன், சராசரி பத்துப் புள்ளிகூட இல்லை. பார்க்கர் இருபதை ஒட்டிய பையன். ஜினோபிலிக்கு அது முதல் வருடம். பிளே-ஆஃபில் எதிரே வந்தது தொடர்ந்து மூன்று பட்டம் வென்றிருந்த லேக்கர்ஸ், அதை வீழ்த்தினார்கள். நியூஜெர்சிக்கு எதிரான இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். வாசலில் எல்லாப் பொருளும் இறங்கிய வீடு என்று மேலே சொன்னேனே, அந்த வருடம் மட்டும் பாதிப் பொருள் பழசு, பாதி இன்னும் பச்சை. இல்லாமல் கட்டுவது எப்படி என்று டங்கனுக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே என் தீர்ப்பு: டங்கன் ஒரு படி மேல். ஒரே படி. ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம் ஆட்களைச் சொல்லவில்லை, அணிகளின் அலுவலகத்தைச் சொல்கிறது. தற்காப்பில் மட்டும் ஒரு முரண் பாக்கி நிற்கிறது. லீக்கின் சிறந்த தற்காப்பு அணியில் டங்கன் 15 முறை இடம்பெற்றார், கார்னெட் 12 முறை. ஆனால் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் என்ற தனி விருது டங்கனுக்கு ஒருதடவைகூட வரவில்லை. கார்னெட்டுக்கு 2008இல் வந்தது, பாஸ்டனில். 1997இல் டங்கனைச் சீட்டில் தவறவிட்ட அதே பாஸ்டன், பத்து வருடம் கழித்து ஐந்து வீரர்களையும் இரண்டு தேர்வுகளையும் கொடுத்து கார்னெட்டை வாங்கியது. முந்தைய சீசனில் 24 வெற்றி எடுத்த அணி அந்த சீசனில் 66 எடுத்துக் கோப்பையும் வென்றது. பால் பியர்ஸ், ரே ஆலன் என்ற நட்சத்திரங்களும் பக்கத்தில் இருந்தார்கள் என்பது சரி. தற்காப்பைக் கட்டியவர் யார் என்பதில் அவர்களுக்கே சந்தேகம் இல்லை.

இவ்வளவும் பேசமுடிவது அங்கே ஒவ்வொரு ரீபவுண்டையும் யாரோ உட்கார்ந்து எண்ணியதால். நம்மிடம் இப்படி ஓர் இணை இல்லாமல் இல்லை. ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கண்டுபிடித்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே இங்கு வந்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறு வருடமாக ஆடுகிற ஊர்.

சென்னையின் அனிதா பால்துரை பிறந்தது 1985 ஜூன் 22. சங்கனாச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கீது அன்னா ஜோஸ் பிறந்தது 1985 ஜூன் 30. எட்டு நாள் வித்தியாசம். இருவருக்கும் வேலை தென்னக ரயில்வேயில். இருவரும் ஒரே நிறுவன அணிக்கும் ஒரே இந்திய அணிக்கும் ஆடினார்கள், இருவரும் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்கள். டங்கன், கார்னெட் விஷயத்தில் நாம் கஷ்டப்பட்டுக் கழிக்கவேண்டியிருந்த அணி வேற்றுமை இங்கே தானாகவே கழிந்துபோகிறது. ஆனால் இடம் வேறு: 6 அடி 2 அங்குல கீது உள்ளே, வளையத்தடியில், அனிதா வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்துபவர்.

கீதுவின் வாழ்வு உயரத்தை நோக்கிப் போனது. 2006 முதல் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ, அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தன. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அனிதாவின் வாழ்வு நீளத்தை நோக்கிப் போனது. பதின்வயதில் இந்திய அணிக்குள் வந்தவர் 2017இலும் இருந்தார். அந்த ஆண்டு பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை கஜகஸ்தானை வென்று இந்தியா எடுத்தபோது கேப்டன் அவர்தான். கீதுவுக்கு 2014இல் அர்ஜுனா விருது, அனிதாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ.

ஒரே ஓர் ஆட்டம் ஜெயிக்கவேண்டும் என்றால் நான் கீதுவை எடுப்பேன், பத்து வருட அணி கட்டவேண்டும் என்றால் அனிதாவை. இதை எண்ணால் நிரூபிக்கச் சொன்னால் கையை விரிக்கவேண்டியதுதான். ஆசியப் போட்டிகளின் கணக்கைப் பன்னாட்டுச் சங்கம் வைத்திருக்கிறது. தேசியப் போட்டிகள், ஃபெடரேஷன் கோப்பை, ரயில்வே போட்டிகள் எல்லாம் ஸ்கோர் ஷீட்டில் பேனாவால் எழுதப்பட்டு, ஆட்டம் முடிந்ததும் நடுவர் கையெழுத்தோடு மடித்துக் கோப்பில் போனவை. இருவரின் உச்ச வருடங்கள் பெரும்பாலும் அந்தக் கோப்புகளில்தான் கிடக்கின்றன. அந்த மேசையில் உட்கார்ந்து ஃபவுலும் புள்ளியும் குறித்தவர்கள் பலர் இப்போது ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள். யாராவது பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒரு ஸ்கேனரோடு கிளம்பினால், முதலில் கதவைத் தட்டவேண்டியது அவர்கள் வீட்டில்.